யானை வேலிக்குக் காசு சேர்கிறது, எங்கே போடுவது? காட்டோரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொடிகாமத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் இங்குள்ள கமக்காரர், காடு தெரிந்தவர்கள், இதைப் படித்தவர்கள் எல்லோரிடமும் கேட்டுவிட நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது தென்மராட்சியில். மனைவியின் ஊர் கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்கே, காட்டை ஒட்டிய சின்னக் கிராமம். நாற்பது குடும்பங்கள் வரை இருக்கும். மாமாவுக்கு அங்கே நாலு ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் உண்டு. போரால் இடம்பெயர்ந்து இருந்த முகாமிலிருந்து 2010இல் திரும்பிப் போனபோது அந்தக் காணியில் நின்றது ஈச்சம்பற்றையும் நாயுருவியும்தான். வெட்டித் துப்புரவாக்கி, கிணற்றை இறைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தென்னை வைத்தார். கடைசியாக வைத்த அறுபது கன்றுகளுக்கு இப்போது ஐந்து வயது.

போன மாதம் நாங்கள் அங்கே நின்ற ஒரு இரவு, ஒன்றரை மணி இருக்கும், நாய் இரண்டு தரம் குரைத்துவிட்டு வந்து கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டது. அதன் பிறகு குரைக்கவே இல்லை. மாமா எழும்பி உட்கார்ந்து "வந்திட்டுது" என்றார். வெளியே மரம் முறிகிற சத்தம் வரும் என்றுதான் நான் நினைத்தேன். வந்தது பழைய கிடுகைக் கிழிப்பது போல ஒரு சத்தம். கிழியும், நிற்கும். பிறகு மெல்லும் சத்தம். திரும்பவும் கிழியும். தகரம் தட்டினோம். வெடி ஒன்றுதான் இருந்தது, அதையும் போட்டோம். சத்தம் நின்று, கிணற்றடிப் பக்கம் போய்த் திரும்பத் தொடங்கியது. விடியும்வரை வாசலில் விறகு போட்டு எரித்துக்கொண்டு இருந்தோம்.

வெள்ளாப்போடு போய்ப் பார்த்தால் நாற்பத்தொரு கன்று போய்விட்டது. வேரோடு பிடுங்கிக் குருத்தை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தை அப்படியே போட்டிருந்தது. மூன்று கன்றில் முதற்பாளை வெடித்திருந்தது. காலடி ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊறி, சுளகளவு வட்டமாக நின்றது. மாமா ஒன்றும் கதைக்கவில்லை. விழுந்த ஓலைகளை ஒவ்வொன்றாக இழுத்துவந்து ஒரு பக்கமாக அடுக்கினார். "கிடுகுக்காவது ஆகும்" என்றார்.

என்னோடு படித்தவர்கள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். விஷயம் கேள்விப்பட்டு மின்வேலிக்குக் காசு தருகிறோம் என்கிறார்கள். காட்டு எல்லையோடு மூன்றரைக் கிலோமீற்றர் போடலாம் என்று ஒரு கணக்குப் பார்த்திருக்கிறோம். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு நண்பர், யானையின் பாதையை மறித்தால் அது அடுத்த ஊருக்குள் போகும் என்கிறார். எனக்கு மாமாவின் தென்னையும் வேண்டும், அந்த யானையும் உயிரோடு இருக்க வேண்டும். என்ன செய்யலாம்?

நல்லூர்வாசி:
அண்ணை, உங்கள் மாமாவின் இழப்பை வாசிக்கக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். காடு முதலில் அவற்றின் வீடு. வன்னியில் வருடாவருடம் எவ்வளவு காடு போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். காட்டைக் குறைத்துக்கொண்டே போனால் அவை எங்கே போய்ச் சாப்பிடும்? 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தையை அடித்துக் கொன்று, அதோடு நின்று படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. உலகத்தில் இலங்கையில் மட்டும் வாழும் சிறுத்தை உபஇனம் அது, வளர்ந்தவை ஆயிரத்துக்கும் குறைவு என்கிறார்கள். வேலி போடுவதற்கு முன் மக்களுக்கு விலங்கு பற்றிய அறிவைக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

காட்டோரத்தாள்:
தம்பி, நான் கிளிநொச்சிதான். அந்தப் படத்தைப் பார்த்து நானும் அழுதேன். வாயில்லாச் சீவனை அப்படிச் செய்திருக்கக் கூடாது. ஆனால் அன்று விடியத் தொடங்கி, பற்றைக்குள் இருந்த அந்தச் சிறுத்தை பத்துப் பேர் வரை கடித்துக் குதறியிருந்தது. அவர்களில் வனஜீவராசிகள் உத்தியோகத்தர் ஒருவரும் இருந்தார். வீடுகளுக்குள் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். அடித்தவர்களுக்கு அறிவில்லை என்று சொல்ல முதல், அந்த நேரம் அவர்கள் யாரைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிட்டால் மயக்க ஊசியோடு ஒரு மிருக வைத்தியர் எத்தனை மணிக்கு வந்திருப்பார் என்பதையும் யோசியுங்கள்.

யானை பற்றிச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பெண்பிள்ளைகள் ரியூசனுக்குப் போவதில்லை. மலசலகூடம் வளவுக் கடைசியில் இருக்கிறது, இரவில் தனியே போக முடியாது. நெல் வெட்டி வீட்டுக்குள் மூட்டை அடுக்கினால் அன்றிரவே சுவரை இடிக்க வரும், அதற்கு நெல் மணம் அவ்வளவு தூரம் பிடிக்கும். அதனால் விலை இல்லாத நேரத்திலும் வயலிலேயே நெல்லை விற்றுவிடுகிறோம். இந்த நட்டத்தை யாரும் யானைக் கணக்கில் எழுதுவதில்லை. மாரி நெற்போகமான காலபோகத்தில் கதிர் முற்றுகிற இரண்டு மாதமும் என் புருசன் பரணில்தான் படுப்பார். காலையில் வந்து, நித்திரை இல்லாத கண்ணோடு உழவு மெஷின் ஓட்டப் போவார்.

எங்களுக்கு யானை பற்றிய அறிவு நிறைய இருக்கிறது தம்பி. எந்த யானை தனியன், எது குட்டியோடு வருவது, எது தகரத்துக்குப் பயப்படும், எது பயப்படாது என்று எங்கள் பிள்ளைகளே சொல்லும்.

நல்லூர்வாசி:
அக்கா, நான் அந்தப் பக்கத்தை யோசிக்கவில்லை. நெல்லை வயலில் விற்கும் கதை எனக்குத் தெரியாது. அறிவு கொடுக்க வேண்டும் என்று எழுதியதற்கு வருந்துகிறேன்.

மாரிமழை:
நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவள். கொடிகாமத்தான் அண்ணா, வேலியைக் காட்டு எல்லையில் போடுவதற்கு முன் இதை வாசியுங்கள்.

யானை காட்டுக்குள் இருக்கும், மனிதர் ஊருக்குள் இருப்பார், நடுவில் ஒரு கோடு போட்டால் சரி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இலங்கையின் நிலைமை அப்படி இல்லை. யானை ஆய்வாளர் பிரித்திவிராஜ் பெர்னாண்டோவும் அவரோடு வேலை செய்பவர்களும் நாடு முழுக்கப் பார்த்து 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, நாட்டின் ஏறத்தாழ 60 வீத நிலத்தில் யானை நடமாடுகிறது. அதில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். அப்படியென்றால், நீங்கள் போடப்போகும் வேலிக்கு அந்தப் பக்கம் யானை நிற்பது போல இந்தப் பக்கமும் நிற்கும். நாட்டில் ஏற்கனவே 5,000 கிலோமீற்றர் அளவுக்கு மின்வேலி இருக்கிறது. அதில் நிறைய இடத்தில் வேலியின் ஒரு பக்கம் ஒரு திணைக்களத்தின் காடு, மறுபக்கம் இன்னொரு திணைக்களத்தின் காடு. இரண்டு பக்கமும் யானை, நடுவில் கம்பி. இவ்வளவு வேலிக்குப் பிறகும் 2023இல் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் நாட்டில் இருந்த மொத்த யானையே 5,879தான்.

கலைத்து வேறு காட்டில் விடுவதும் சரிவரவில்லை. கலைக்கும்போது குட்டியோடு நிற்கும் பெண் யானைக் கூட்டம்தான் போகும். பயிருக்கு வருவது பெரும்பாலும் ஆண் யானை, அது ஒளித்துநின்று திரும்பி வந்துவிடும். பூங்காவுக்குள் அடைத்த கூட்டங்கள் எலும்பும் தோலுமாகச் செத்தது தெற்கே நடந்திருக்கிறது. பிடித்து லொறியில் ஏற்றிப்போய்ப் பூங்காவில் விட்ட 12 ஆண் யானைகளுக்கு இடம் காட்டும் கழுத்துப்பட்டி மாட்டிப் பார்த்த ஆய்வு 2012இல் வந்தது. சில நேரே பழைய இடத்துக்குத் திரும்பின, சில அலைந்தன, சில புது இடத்தில் தங்கி அங்கே ஊருக்குள் இறங்கின.

அடர்ந்த முதிர்காட்டில் யானைக்குச் சாப்பாடு குறைவு என்பது பலருக்குத் தெரியாது. அதற்கு வேண்டியது புல்லும் இளந்துளிரும். அந்தக்காலச் சேனைச் செய்கையில் ஒரு துண்டை வெட்டி இரண்டு போகம் செய்துவிட்டு விடுவார்கள், அதில் முளைக்கும் பற்றையில் யானை நன்றாக மேயும். நிரந்தர வயலும் தோட்டமும் வந்தபின் அந்த மேய்ச்சல் இல்லாமல் போயிற்று.

இளவாலையான்:
ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். காசு தருகிற ஆட்களில் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள் (இந்த ஊருக்கில்லை, வேறு ஊருக்கு முன்பு கொடுத்தவன்). மனம் நொந்த ஒரு கதையைச் சொல்லிவிடுகிறேன், அதிலிருந்து ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடத்துக்கு முன் நாங்கள் பதினெட்டுப் பேர் சேர்ந்து முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கிராமத்துக்கு மின்வேலி போட்டுக் கொடுத்தோம். திறப்பு விழா, மாலை, படம் எல்லாம் நடந்தது. அடுத்த மாரியில் நான் ஊருக்குப் போனபோது தற்செயலாகப் போய்ப் பார்த்தேன். புல்லும் கொடியும் கம்பியை மூடியிருந்தது. பற்றரி இல்லை. கட்டைகளில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. ஒரு இடத்தில் யானை காய்ந்த மரத்தைக் கம்பிமேல் தள்ளிவிட்டுக் கடந்திருக்கிறது. ஊரில் ஒருவரிடம் கேட்டேன், "அது உங்கட வேலி தானே, நீங்கள் ஆளனுப்புவீர்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வேலி எங்கே போகவேண்டும் என்று அந்த ஊரில் ஒருவரையும் நாங்கள் கேட்கவில்லை. கூகுள் படத்தைப் பார்த்து ரொறன்ரோவில் இருந்துதான் கோடு போட்டோம்.

மாரிமழை:
இளவாலையான் அண்ணா, நீங்கள் சொன்ன இடத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. குருநாகல் மாவட்டத்தில் கல்கமுவப் பக்கம் இதைத் திருப்பிப் போட்டுச் செய்து பார்த்தார்கள். காட்டைச் சுற்றி வேலி போடாமல், காக்க வேண்டியதைச் சுற்றிப் போட்டார்கள். ஊருக்கு நிரந்தரமாக ஒரு வேலி. வயலுக்குப் போகத்துக்கு மட்டும் இன்னொன்று, விதைத்தபின் கட்டி, வெட்டி முடித்ததும் கழற்றிவிடுவது. கட்டுவதும் கழற்றுவதும் கமக்காரர் சங்கம். புல் வெட்டுவது ஒவ்வொருவர் காணிக்கு நேரே அவரவர். வயல் வெட்டியபின் யானை வந்து அரிதாளை மேய்ந்துவிட்டுப் போகலாம், கோடையில் காட்டில் சாப்பாடு இல்லாத நேரம் அது அதற்குப் பெரிய உதவி. 2020இல் ஒரு குழு அரசாங்கத்துக்குக் கொடுத்த தேசியத் திட்டத்தின் அடிப்படையும் இதுதான். அது இன்னும் சரியாக நடைமுறைக்கு வரவில்லை.

மின்வேலி பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு விளக்கம். சரியான வேலியில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ற், ஆனால் கண்மூடித் திறக்கும் நேரத்துக்கும் குறைவான துடிப்பு. ஒரு நொடிக்கு ஒரு தரம் வரும். யானை துள்ளிப் பின்னுக்குப் போகும், சாகாது. வீட்டு லைனில் இருந்து நேரே கம்பி இழுப்பதுதான் கொல்லும். அதில் யானையும் சாகும், விடியற்காலை வரம்பில் நடக்கிற மனிதரும் சாவார். தயவுசெய்து அதை ஒருவரும் செய்யாதீர்கள். பன்றிக்கு என்று பூசணிக்காய்க்குள், கடித்தால் வெடிக்கும் வாய்வெடி வைக்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். அதைக் கடிக்கிற யானைகளில் நிறைய குட்டிகள்தான். தாடை உடைந்து, தின்ன முடியாமல், வாரக்கணக்கில் தண்ணீருக்குள் நின்று சாகும்.

பாலைமரம்:
முப்பத்திரண்டு வருடம் காட்டு உத்தியோகத்தில் இருந்து ஓய்வெடுத்தவன் நான். இந்த இழையை இரண்டு நாளாக வாசிக்கிறேன். யானையைப் பற்றியே கதைக்கிறீர்கள், யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

வைகாசி, ஆனியில் சந்தையில் பாலைப்பழம் வரும். சின்ன மஞ்சள் பழம், தின்றால் உதடு இரண்டும் பாலில் ஒட்டிக்கொள்ளும். வாங்காத வீடு குறைவு. அந்தப் பழத்தை எப்படி எடுக்கிறார்கள் என்று தெரியுமா? பாலை உயர்ந்த மரம். ஏறிப் பொறுக்க நேரம் போகும் என்று கொப்பையே வெட்டி விழுத்துவார்கள். வெட்டின கொப்பு திரும்பக் காய்க்கப் பல வருடம் எடுக்கும். ஒரு சீசனில் ஒரு பாதையோரமாக நான் எண்ணிப் பார்த்தேன், பத்துப் பாலையில் ஏழு மொட்டையாக நின்றது. கரடி அந்த இரண்டு மாதமும் பாலைப்பழத்தை நம்பித்தான் இருக்கும். பழம் பொறுக்கப் போகிற ஆளும் கரடியும் ஒரே மரத்தடியில் முகத்துக்கு முகம் சந்திப்பதற்கும் அதுதான் காரணம். கரடி கடித்தவரின் முகத்தை நான் வைத்தியசாலையில் பார்த்திருக்கிறேன், அதை இங்கே எழுதமாட்டேன்.

பிறகு முதிரை. யாழ்ப்பாணத்தில் புது வீடு கட்டுகிறவருக்கு நிலையும் கதவும் முதிரையில்தான் வேண்டும். அந்த முதிரை எங்கே நின்றது, எந்த இரவில் எந்த உழவு மெஷினில் வந்தது என்று கேட்பவர் இல்லை. காட்டோரத்துப் பொடியன் ஒரு மரத்துக்கு வாங்குகிற கூலியையும், இங்கே கதவுக்குக் கொடுக்கிற விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் காட்டை வெட்டுகிறார் என்று விளங்கும். பிடிபடுவது பொடியன்தான். நான் பிடித்தவர்களும் அவர்கள்தான், அது எனக்கு இன்றும் மனதில் கிடக்கிறது.

காணி விஷயமும் இதோடு சேர்ந்தது. 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கையால், எந்தக் கணக்கிலும் வராத மிச்ச அரச காடுகள் எல்லாம் வனவளத் திணைக்களத்தின் பொறுப்புக்கு வந்தன. காட்டைக் காக்க அது நல்ல வேலை செய்தது. ஆனால் வன்னியில் சனம் பல வருடம் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் வயலும் தோட்டமும் காடாகியிருந்தது. செய்மதிப் படத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. திரும்பி வந்தவர்களின் காணிக்குள் எல்லைக்கல் நின்றது. 2020இல் அந்தச் சுற்றறிக்கையை நீக்கியபோது மறுபக்கத்துக்கு விழுந்தது, உண்மையான காட்டுக்கும் ஒரு காவல் போய்விட்டது. இரண்டு தரமும் ஊருக்குள் போய், எது பழைய வயல், எது பழைய காடு என்று கிழவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து பார்த்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. பழைய கிணறும் மாமரமும் நிற்கிற இடம் வயற்கரை. நூறு வயதுப் பாலையும் வீரையும் நிற்கிற இடம் காடு. அதைப் பார்க்கச் செய்மதி தேவையில்லை.

கிழக்குக்கரை:
ஐயா சொன்ன எல்லைக்கல் எங்களுக்கும் தெரியும். நான் வடமராட்சி கிழக்கு. சுண்டிக்குளம் 1938 முதல் பறவைகள் சரணாலயம். எங்கள் தாத்தா காலத்தில் அதனால் ஒரு பிரச்சினையும் இல்லை. கடலேரியில் வலை போட்டார்கள், பூநாரை அங்கே நின்றது, அவர்கள் இங்கே நின்றார்கள். 2015இல் அது தேசிய பூங்காவாயிற்று. பூங்கா என்றால் சட்டம் வேறு, அனுமதி இல்லாமல் உள்ளே போகவே கூடாது. ஊருக்கு வந்து யாரும் விளக்கவில்லை. ஒரு நாள் விறகு பொறுக்கப் போன என் சித்தி "இது இப்ப பூங்கா" என்று திருப்பி அனுப்பப்பட்டார்.

நான் பூங்காவுக்கு எதிரானவன் இல்லை. மார்கழி, தை மாதத்தில் அந்தக் கடலேரி முழுக்க நிற்கும் பறவையைப் பார்த்து வளர்ந்தவன். வெளியிடத்து ஆட்கள் உழவு மெஷினோடு வந்து மணல் அள்ளும்போது அறிவித்தவர்களும் நாங்கள்தான். எங்களை உள்ளே விட்டால் காவலுக்கு ஆள் கிடைக்கும். வெளியே விட்டால் காவலும் போகும், கோபமும் மிஞ்சும்.

வரணித்தென்னை:
யானையோடு சேர்த்துக் குரங்கையும் கதைக்க வேண்டும். தென்மராட்சியில் காடு என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனாலும் குரங்கு இருக்கிறது. குரும்பையிலேயே பிடுங்கிக் கடித்து எறிகிறது. மா பூக்கும்போதே கொப்பை உலுக்குகிறது. போன வருடம் எங்கள் வளவில் பலாக்காய் ஒன்றும் முற்றவில்லை. 2023இல் ஒரு இலட்சம் குரங்கைச் சீனாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று செய்தி வந்தபோது சந்தோசப்பட்டவர்களில் நானும் ஒருவன். பிறகு அது நடக்காது என்று ஆயிற்று. 2025 மார்ச் 15 காலையில் ஐந்து நிமிடம் வளவில் நின்று குரங்கு, மயில், அணில் எல்லாம் எண்ணச் சொன்னார்கள். நான் எண்ணிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு என்ன?

மாரிமழை:
அண்ணா, உங்கள் கோபம் நியாயம். செங்குரங்கு இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். அழியும் ஆபத்தில் இருப்பதாக உலகப் பட்டியலில் உள்ளது, உங்கள் வளவிலோ அளவுக்கு மிஞ்சி நிற்கிறது. இரண்டும் உண்மை. காட்டில் குறைந்து, குப்பையும் பழமரமும் உள்ள இடத்தில் கூடுகிறது. உங்கள் பக்கத்தில் சந்தைக் கழிவை எங்கே கொட்டுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். குப்பையில் வயிறு நிரம்பும் கூட்டம் குட்டிகளைக் கூடப் பிழைக்க வைக்கும். குப்பையை மூடினால் நாளைக்கே குரங்கு போய்விடும் என்று பொய் சொல்லமாட்டேன், வருடங்கள் எடுக்கும். ஆனால் மூடாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

காட்டோரத்தாள்:
கொடிகாமத்தான் அண்ணை, வேலி போடுவதென்றால் மூன்று விஷயம் சொல்கிறேன். ஊரில் கூட்டம் வைத்தால் ஆம்பிளைகள் வயல் எல்லையைத்தான் சொல்வார்கள். பெண்களையும் கேளுங்கள். தண்ணி அள்ளும் கிணறு, பிள்ளைகள் ரியூசனுக்குப் போகும் பாதை, மலசலகூடம், இது மூன்றும் வேலிக்கு உள்ளே வரவேண்டும். வயலைவிட முதலில் இதுதான். மற்றது, வேலிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியும் பற்றரியும் யார் வீட்டில் இருக்கும் என்பதை ஊரே தீர்மானிக்கட்டும். வெளியாள் சொன்னால் பிறகு சண்டை. இன்னொன்று, ஆடிக்குப் பிறகு குளம் வற்றினால் யானை எந்தப் பாதையால் எந்தக் குளத்துக்குப் போகும் என்று உங்கள் மாமாவுக்குத் தெரியும். அந்தப் பாதையில் கம்பியைக் கட்டாதீர்கள். தண்ணிக்குப் போகிற யானையை மறித்தால் அது கம்பியையும் பார்க்காது, எங்களையும் பார்க்காது.

கொடிகாமத்தான்:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை ஊருக்குப் போய்க் கூட்டம் வைத்தோம், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மூன்றரைக் கிலோமீற்றர் காட்டு வேலித் திட்டத்தை விட்டுவிட்டோம். ஊரைச் சுற்றி ஒன்று, அது நிரந்தரம். வயலுக்கு ஒன்று, காலபோகம் விதைத்தபின் கட்டி, வெட்டினதும் கழற்றுவது. காட்டோரத்தாள் அக்கா சொன்னபடி பெண்களைக் கேட்டோம். முதலில் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு ஒரு அம்மா எழும்பி, ரியூசன் பாதையை வேலிக்குள் எடுத்தால் புல் வெட்டும் முறையில் தானும் வருகிறேன் என்றார். அதோடு மற்றவர்களும் கதைக்கத் தொடங்கினார்கள். பெட்டி கோவிலடி வாசிகசாலையில் இருக்கும். மாதத்துக்கு ஒரு வீடு பொறுப்பு. வீட்டுக்கு இருநூறு ரூபாய் சேர்த்துப் பற்றரிக்கு வைக்கிறார்கள், அது வெளிநாட்டுக் காசில் சேராது, ஊர்க்காசு. வெளிநாட்டு நண்பர்களிடம் முதல்முறைக் கம்பிக்கும் பெட்டிக்கும் மட்டும் கேட்டிருக்கிறேன். சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி எடுத்தபிறகுதான் வேலை தொடங்கும், கிராம சேவையாளர் உதவுவதாகச் சொன்னார்.

கிழக்குப் பக்கம் எண்பது யார் அளவுக்குத் திறந்து விடுகிறோம். குளத்துப் பாதை அது. மாமாதான் நடந்து காட்டினார். நாற்பத்தொரு தென்னை போனதும் அந்தப் பாதைக்கு நேரே இருந்த துண்டில்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "முந்தி இதால தான் போறது, நான் தான் கொண்டுபோய் வழியில வைச்சிட்டன்" என்றார். அந்தத் துண்டில் இனித் தென்னை வைக்கவில்லை. யானை அவ்வளவாகத் தொடாத எலுமிச்சை வைத்துப் பார்க்கலாம் என்று யோசிக்கிறார்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். கட்டைக்கு என்ன மரம்? காட்டில் வெட்டக் கூடாது என்பதில் எல்லோரும் ஒரே முடிவு. எங்கள் ஊர் வேலிக்குப் போடுவது போலக் கிளுவைக் கதியால் (நட்டால் வேர்விடும் உயிர்க்கட்டை) கொண்டுபோய் நடலாமா?

பாலைமரம்:
வயல் வேலிக்குக் கதியால் வேண்டாம் தம்பி. மாரிக்குத் தளிர்த்து, இலை கம்பியில் பட்டு, மின்சாரம் எல்லாம் நிலத்துக்கு இறங்கிவிடும். கிழமைக்கு ஒருக்கால் கொப்பு வெட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கழற்றி எடுக்கவும் முடியாது, வேர் விட்டிருக்கும். வயிரம் ஏறின பனங்கட்டை நல்லது, கறையான் இலேசில் தொடாது. ஆனால் புதுப் பனை தறிக்க அனுமதி வேண்டும், அதற்காகத் தறிக்கவும் வேண்டாம். பழைய வீடு பிரிக்கிறவர்களிடம் கேட்டுப் பார். கூரையில் கிடந்த சிலாகை ஐம்பது வருடத்துக்குப் பிறகும் ஆணி இறங்காது.

வரணித்தென்னை:
கொடிகாமத்தான், எங்கள் அப்பாவின் வீட்டைப் போன ஆவணியில் பிரித்தோம். பனஞ்சிலாகை மாட்டுக்கொட்டிலுக்குள் அடுக்கிக் கிடக்கிறது, இருநூறுக்குக் குறையாது. விறகுக்கு விற்க மனமில்லாமல் வைத்திருந்தேன். என்ன நீளத்துக்கு வெட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெஷின்) நிற்கிறது.

கொடிகாமத்தான்:
ஏழரையடி அண்ணை. ஒன்றரையடி நிலத்துக்குள் போகும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாமாவோடு வருகிறேன்.